யரக்காலா திருப்பத்து ஃப்ரிட்ஜும் அதற்குள் இருந்த என் கணவரும்

அனுப்புநர்
திருமதி வெர்னா கில்க்ரிஸ்ட்,
கூலிபா மாட்டுப் பண்ணை,
யரக்காலா வட்டாரம்,
பிண்டரூ வழி, மேற்குக் குவீன்ஸ்லாந்து.
(தபால் பெட்டி: தற்போது தங்கள் குப்பைக் கிடங்கில்)

பெறுநர்
தலைமைச் செயல் அலுவலர் அவர்கள்,
பிண்டரூ வட்டாரக் கவுன்சில்,
பிண்டரூ.

பொருள்: குப்பை என்று கவுன்சில் அள்ளிச் சென்ற என் தபால் பெட்டியையும், அதனுள் இருந்த என் கணவர் ராய்ஸ் கில்க்ரிஸ்ட்டின் அஸ்தியையும், வரும் திங்கட்கிழமை குழி மூடப்படுவதற்குள் எடுத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் வேலிக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்த, ‘கைவிடப்பட்ட வீட்டுச் சாதனம்’ என்னும் தலைப்பிட்ட தங்கள் எச்சரிக்கை அறிவிப்பு, நாள் 13.11.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களை மதிப்பிற்குரியவர் என்று மேலே எழுதியிருப்பது மனு எழுதும் முறைக்காக. அதை என் கருத்தாகக் கொள்ள வேண்டாம். இம்மனுவைத் தபால்காரர் ஐவர் பாஸ்கோ வெள்ளிக்கிழமை மாலை தங்கள் கையிலேயே கொடுப்பார். மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் போக மாட்டார். தாங்கள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி உண்டு. நாற்காலி கொடுக்கவும்.

2. என் கணவரைத் தாங்கள் நேரில் கண்டதில்லை. தாங்கள் இப்பதவிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனால் தங்கள் அலுவலக அலமாரிகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். யரக்காலா சாலை ஒட்டக ஓடையைக் கடக்கும் இடத்தில் உள்ள பள்ளத்தைச் சரிசெய்யச் சொல்லி அவர் எழுதிய மனுக்கள் அங்கே கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: போக்குவரத்து குறைந்த சாலை, பரிசீலனையில் உள்ளது. ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து, தன் டிராக்டரில் பிளேடு மாட்டி அவரே அந்தப் பள்ளத்தை நிரவினார். அனுமதியின்றிச் சாலையைச் சீர்படுத்தியதாகக் கவுன்சில் அவரைக் கண்டித்துக் கடிதம் அனுப்பியது. அந்த ஒரு கடிதம் மட்டும் வெகு விரைவாக வந்தது. அடுத்த மழையில் பள்ளம் திரும்பவும் வந்தது. அதன்பிறகு ராய்ஸ் கவுன்சிலிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் எடுத்துக்கொண்டு போய் எங்கள் தபால் பெட்டியின் கதவில் ‘கில்க்ரிஸ்ட். கவுன்சில் கடிதங்களுக்கு இங்கே இடமில்லை’ என்று எழுதிவிட்டு வந்தார்.

3. அந்தத் தபால் பெட்டி ஒரு ஃப்ரிட்ஜ் என்பதைத் தாங்கள் இப்போது அறிவீர்கள். இவ்வட்டாரத்தில் பதினோரு பேர் இருக்கிறோம், ராய்ஸ் போனபின் பத்து. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர். தபால் வண்டி சாலைத் திருப்பத்தோடு நின்றுவிடும். அங்கே தகரப் பெட்டி வைத்தால் காக்கை திறக்கும், காட்டுப்பன்றி கவிழ்க்கும், ரொட்டி எறும்புக்குப் போகும். ஆகவே ஓடாத ஃப்ரிட்ஜின் மோட்டாரைக் கழற்றிவிட்டுத் திருப்பத்தில் நிறுத்துவது எங்கள் வழக்கம். கதவை மூடினால் புழுதிகூடப் புகாது. கடிதம், ரொட்டி, மாட்டு மருந்து, பம்புக்கு உதிரிப் பாகம் எல்லாம் அதில்தான் வந்து சேரும். பூட்டு கிடையாது. யாருடைய ஃப்ரிட்ஜையும் யாரும் திறந்து ஒன்றை வைக்கலாம். எடுப்பதற்கு மட்டும் யாரும் திறக்க மாட்டார்கள். தங்கள் வரி அறிவிப்புகளும் இத்தனை ஆண்டுகளாக அதற்குள்தான் வந்தன. கதவில் அப்படி எழுதியிருக்கிறதே என்று ராய்ஸ் கேட்டால் ஐவர், “அதுக்கு நான் என்னப்பா பண்றது, தின்னவா முடியும்?” என்பார். வரி அறிவிப்பு வந்த நாட்களில் அது கைவிடப்பட்ட வீட்டுச் சாதனமாகக் கவுன்சிலின் கண்ணில் படவில்லை.

4. சென்ற மாதம் ஒரு காலையில் ராய்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்தார். ‘பறக்கும் மருத்துவர்’ சேவையின் விமானம் பக்கத்துப் பண்ணை நொரீன் டக்கெட்டின் ஓடுதளத்தில் இறங்குவதாகச் சொன்னார்கள். வண்டியின் பின்புறம் மெத்தையைப் போட்டு அவரைப் படுக்கவைத்து ஓட்டினேன். ஒட்டக ஓடையில் வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் இறக்கி ஏற்றினேன். அப்படியும் தூக்கிப் போட்டது. அவர் பின்னாலிருந்து, “பாத்துப் போ வெர்ன், அச்சு கிச்சு ஒடைஞ்சா அதுக்கும் ஒரு மனு எழுதணும்” என்றார். சிரித்தார். அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி முழு வாக்கியம் அதுதான். விமானத்தில் எனக்கும் இடம் இருந்தது. மாடுகளுக்குத் தீனி போட வேறு ஆள் இல்லாததால் நான் ஏறவில்லை. பிரிஸ்பேன் மருத்துவமனையில் அவர் இறந்தார். காரணம் இதயம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். சாலை என்று நானும் எழுதவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் விழித்திருந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

5. கணவர் சாகக் கிடக்கையில் மாட்டுக்குத் தீனி போட்டாளா இவள் என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். மழை பொய்த்து மூன்றாம் ஆண்டு. தினமும் மல்கா மரங்களைத் தள்ளிச் சாய்த்தால்தான் மாடுகள் இலை தின்னும். ஒருநாள் தள்ளாமல் விட்டால் மறுநாள் சில மாடுகள் எழுந்திருக்காது. என் இடத்தில் ராய்ஸ் இருந்திருந்தாலும் அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பார். வராவிட்டால் நான் திட்டியிருப்பேன். எனவே, தகனத்தை முடித்து அஸ்தியைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறோம் என்று இறுதிச் சடங்கு நிலையத்தார் சொன்னபோது சரி என்றேன். அதற்காக என்னைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, கவுன்சிலைத் தவிர.

6. அஸ்தியை என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஐவரும் நொரீனும் சாட்சி. “ஏழாம் நம்பர் ஆழ்குழாய் மேட்டுல, மொத மழை விழறப்போ போடு. காஞ்ச நாள்ல தூவிடாத. இந்தக் காத்து என்னை நேரா ரோட்டுக்குக் கொண்டுபோயிடும். கவுன்சில்காரன் நெலத்துல என்னோட ஒரு பொட்டுத் தூசி விழக்கூடாது.” இதைத் தங்களுக்கு எழுதிக்காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அவர் இப்போது எங்கே கிடக்கிறார் என்பதை முன்னிட்டு எழுத வேண்டியிருக்கிறது.

7. இந்தச் செவ்வாய்க்கிழமை ஐவர் ரேடியோவில் அழைத்தார். நான் ஏழாம் குழாய்க் குட்டையின் சேற்றில் சிக்கிய பசு ஒன்றுக்குக் கயிறு போட்டு வண்டியால் இழுத்துக்கொண்டிருந்தேன். “வெர்னா, ராய்ஸ் வந்துட்டாரு. ஒங்க ஃப்ரிட்ஜுல மேல் தட்டுல வெச்சிருக்கேன். ரொட்டி கீழ்த் தட்டுல இருக்கு” என்றார். பசுவை விட்டுவிட்டு வர முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று அவரிடம் சொல் என்றேன். “சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்லையாம்” என்றார் ஐவர். இங்கே எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவர் இறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது. பதிவுத் தபாலுக்கு நானல்லவா கையெழுத்திட வேண்டும் என்று தாங்கள் சுட்டிக்காட்டலாம். எனக்காக ஐவர் இட்டார். இங்கே அப்படித்தான். அவர் வேலைக்கு இதனால் ஏதாவது வந்தால் அடுத்த மனு அதைப் பற்றியதாக இருக்கும்.

பசு பிழைக்கவில்லை.

8. புதன்கிழமை பிற்பகல் திருப்பத்துக்குப் போனேன். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். முன் இருக்கையில் அவருடைய தொப்பியை எடுத்து வைத்திருந்தேன், பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவரலாம் என்று. ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் புழுதி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அதிலிருந்து பல்லிகள் ஓடின. வேலிக் கம்பத்தில் தங்கள் அறிவிப்பு தொங்கியது. முதலில் நான் வேறு திருப்பத்துக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாக வரும் திருப்பம் அது. லாரித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டக ஓடைவரை போனேன். அந்தப் பள்ளத்தில் தங்கள் லாரியும் மாட்டித் திணறியிருக்கிறது, சக்கரம் ஆழமாகத் தோண்டியிருக்கிறது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சி அதுதான் என்பதை ஒளிக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. வியாழன் காலை தங்கள் வட்டார அழகுப் பிரிவின் அலுவலர் திரு. ட்ரென்ட் ஹாலோவேயைத் தொலைபேசியில் அழைத்தேன். கேரவன் இழுத்து வரும் சுற்றுலாக்காரர்களின் கண்ணுக்கு அழகாக இருக்கச் சாலையோரங்களைச் சுத்தம் செய்வதாக அவர் விளக்கினார். அந்தச் சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது எங்கள் ஃப்ரிட்ஜுகளைத்தான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். மற்றபடி எங்கள் உரையாடலை நினைவில் உள்ளவாறு கீழே தருகிறேன். அவர் மறுத்தால் ஐவரைக் கேட்கவும். அன்று காலை ஐவர் என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்.

“அந்த ஏரியாவுல யாரும் குடியிருக்கறதா எங்க வரைபடத்துல இல்லையே மேடம்” என்றார். அப்படியானால் தங்களோடு பேசிக்கொண்டிருப்பது யார் என்று கேட்டேன்.

கதவில் பெயர் எழுதியிருந்ததே என்றேன். “அதைக் கிறுக்கல்னு பதிவு பண்ணியிருக்கோம்” என்றார்.

திறந்தாவது பார்த்திருக்கலாமே என்றேன். “ஆளுங்க தொறக்கக் கூடாதுன்னு விதி மேடம். உள்ள பாம்பு இருக்கும், அழுகினது இருக்கும்.”

உள்ளே என் கணவர் இருந்தார் என்றேன். “ஃப்ரிட்ஜுக்குள்ள யாராச்சும் மனுஷனை வெப்பாங்களா?” என்றார். பின்னே, இந்த வெயிலில் கம்பத்திலா மாட்டிவைப்பது என்று கேட்டேன். அவர் அனுதாபம் தெரிவித்தார். அதைத் தாளில் பார்த்துப் படித்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், “அதே சைஸ்ல வேற ஃப்ரிட்ஜ் தர்றோம் மேடம், ஓடற ஃப்ரிட்ஜாவே தர்றோம்” என்றார். மின்கம்பி என் வீட்டுக்கே வந்ததில்லை. சாலைத் திருப்பத்தில் ஓடும் ஃப்ரிட்ஜ் எதற்கு என்று கேட்க வாயெடுத்து, அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

10. அன்று மதியம் தங்கள் குப்பைக் கிடங்கின் ஊழியர் தாமாகவே என்னை அழைத்தார். அவர் பெயரை எழுதவில்லை. தங்களிடம் கிடங்கில் இருப்பவர் ஒருவர்தான் என்பதால் எழுதாமல் விட்டும் பயனில்லை. அவரைத் தொட்டால் ஊரே கேட்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மற்ற ஃப்ரிட்ஜுகளை, அவற்றில் உள்ள குளிரூட்டும் வாயுவை நீக்குவதற்காக, வரிசையில் நிறுத்திவைப்பார்களாம். எங்களுடையதில் மோட்டார் இல்லாததால் வெறும் கூடு என்று நேராகக் குழியில் தள்ளிவிட்டார்கள். ராய்ஸ் கழற்றிய மோட்டார் அது. அவர் சொன்னதாவது:

“மிசஸ் கில்க்ரிஸ்ட், கதவுல பேரைப் பாத்தேன், ரேடியோவுல விஷயமும் கேட்டேன். ராய்ஸ் மூணாவது குழியில இருக்காரு. மஞ்ச மெத்தை ஒண்ணு கெடக்கு, அதுக்குப் பக்கத்துல. நசுங்கல. ஆனா கதவுப் பக்கம் அடியில மாட்டிக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு பேரு இருந்தாப் போதும், பொரட்டிடலாம். நான் எறங்கப் போனேன், வேலை போயிடும்னு ஹாலோவே சொல்லிட்டாரு. திங்கக்கெழம காலையில புல்டோசர் வந்து மூடுது. தூரத்துல நின்னு குட் மார்னிங் சொல்லிட்டு இருக்கேன், வேற என்ன பண்றதுன்னு தெரியல.”

11. உடனே திரு. ஹாலோவேயை மீண்டும் அழைத்தேன். பழைய வீடுகளின் கல்நார்க் கூரை அந்தக் குழியில் இருப்பதால் இறங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றும், விண்ணப்பித்தால் ஆறு வாரத்தில் கிடைக்கும் என்றும் சொன்னார். திங்கட்கிழமையே மூடப்போகும் குழிக்கு ஆறு வாரம் கழித்து அனுமதி எதற்கு என்று கேட்டேன். “மூடறது வேற பிரிவு மேடம்” என்றார். ஐயா, அந்த வேறு பிரிவுக்கும் அவருடைய பிரிவுக்கும் ஒரே தலைவர் தாங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் புரட்ட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். முகமூடியும் உடையும் வேண்டுமென்றால் கொடுங்கள், நானே இறங்குகிறேன். சேற்றிலிருந்து மாட்டை இழுக்கும் கைக்கு ஃப்ரிட்ஜ் கனக்காது.

12. மேற்கண்ட காரணங்களால் நான் கோருவது:

அ) திங்கட்கிழமை புல்டோசரை நிறுத்தி, ஃப்ரிட்ஜை வெளியே எடுத்து, என் கணவரை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். ரொட்டியைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆ) அது இயலாது என்றால் தங்கள் இடுகாட்டு விதிகளைத் தாங்களே ஒருமுறை படிக்க வேண்டும். மாடுகளின் தண்ணீர்த் தொட்டி நிறையக் காத்திருந்த நேரத்தில் நான் படித்துவிட்டேன். கவுன்சில் நிலத்தில் மனித எச்சம், சாம்பலாக இருந்தாலும், கவுன்சிலின் செயலால் வைக்கப்பட்டால் அது அடக்க இடம் என்று அதில் இருக்கிறது. அதன்மேல் குப்பை கொட்டலாகாது. இயந்திரம் ஓட்டலாகாது. வேலியும் பெயர்ப் பலகையும் கவுன்சிலே வைக்க வேண்டும். உறவினர் எந்தப் பருவத்திலும் வந்து போகத்தக்க சாலையையும் கவுன்சிலே பராமரிக்க வேண்டும். ஆகவே மூன்றாவது குழியை மூடினால், ஊரின் ஒரே குப்பைக் கிடங்கை அன்றோடு மூடிவிட்டு, என் வீட்டிலிருந்து அதுவரை நல்ல சாலை போட்டுத் தரவும். வழியில்தான் ஒட்டக ஓடை இருக்கிறது. ராய்ஸ் உயிரோடு இருந்து கேட்டுக் கிடைக்காத சாலையைச் செத்து வாங்கியதாக இருக்கும். முதல் கோரிக்கை எனக்காக. இரண்டாவதைக் கேட்டால் அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

இ) கிறுக்கல் என்று பதிவு செய்ததைத் திருத்த வேண்டும். அது அவர் கையெழுத்து. என்னிடம் அவருடைய வேறு கையெழுத்து அதிகம் இல்லை. மனுக்கள் எல்லாம் தங்களிடம் இருக்கின்றன.

13. இதில் எதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை விடியும்போது மூன்றாவது குழிக்கும் புல்டோசருக்கும் நடுவே என் மாட்டு லாரி நிற்கும். நான் அதற்குள் இருப்பேன். அன்று என் மாடுகளுக்கு மல்கா தள்ளுவதாக நொரீன் டக்கெட் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தப் பஞ்சம் தொடங்கியதிலிருந்து நான் நாள் முழுதும் பண்ணையை விட்டு விலகியிருப்பது அதுவே முதல்முறையாக இருக்கும். அவர் இறக்கும்போது நான் போகவில்லை. இதற்குப் போவேன்.

14. தங்கள் பதில் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். தபாலில் அனுப்ப வழியில்லை. வைப்பதற்குப் பெட்டி இல்லை. எனவே நேரில் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் நான் நிற்பேன். ராய்ஸைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு வாருங்கள். ஒட்டக ஓடையில் வேகத்தைக் குறைக்கவும். பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இடம்: யரக்காலா
நாள்: 15.11.2019

தங்கள் வரைபடத்தில் இல்லாத இடத்திலிருந்து,
வெர்னா கில்க்ரிஸ்ட்
(ராய்ஸ் கில்க்ரிஸ்ட்டின் மனைவி)